என் தம்பியின் வலது கால்

என் தம்பி கட்டாமல் விட்ட பொருள் எங்கள் வீட்டில் ஒன்றும் கிடையாது. தேநீர்ப் பாத்திரத்தின் மூடி கழன்று விழுகிறதே என்று அதைக் கைப்பிடியோடு சேர்த்துக் கம்பியால் கட்டிவைத்தான். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு, பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு ஒரு கம்பி, குடையின் உடைந்த விலாவுக்கு ஒரு நூல். பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாகக் கிழித்துச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருப்பான். எது ஆடினாலும், எது ஒழுகினாலும் அவன் கை அந்த ஆணிக்குத்தான் போகும். நான் ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழப்போனேன். மறுநாளே என் கைத்தடியின் அடியில் டியூபைச் சுற்றி, மெல்லிய கம்பியால் இறுக்கி, கம்பியின் முனையை உள்ளே மடக்கிவிட்டான். முனை நீட்டிக்கொண்டிருந்தால் என் புடவையைக் கிழிக்குமாம். இன்றைக்கும் அந்தக் கட்டு ஓர் இழை தளரவில்லை.

சந்தையில் அவனுக்கு 'முடிச்சு' என்றே பெயர். "முடிச்சு வந்தாச்சா?" என்று கேட்டால் "ஐஸ் வந்தாச்சா?" என்று பொருள். ஐஸ் ஏற்றிக்கொண்டு வருவதுதான் அவன் பிழைப்பு. மேட்டின் உச்சியில் ஐஸ் கம்பெனி, மேட்டின் காலடியில் சந்தை. நடுவில் ஒரே சரிவு. இரண்டு பக்கமும் கடைகள். காலையில் பாளம் பாளமாக ஐஸை ஏற்றி, மரத்தூளைத் தூவி, ஈரச் சாக்கைப் போர்த்தி, மீன்காரர்களுக்கும் பழச்சாறு கடைக்காரர்களுக்கும் அவன் இறக்கிக் கொடுத்தால்தான் சந்தைக்குப் பொழுது விடியும்.

வண்டி, அவன் மகள் பிறப்பதற்கு முன்பே வாங்கிய பிக்கப். பின்னால் பலகைத் தளம் போட்ட பழைய வண்டி. அதனால் அதற்கு 'மூத்தவள்' என்று பெயர் வைத்திருந்தான். "மூத்தவளுக்கு எண்ணெய் மாத்தணும்", "மூத்தவ இன்னைக்கு இருமுறா" என்பான். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதைக் கேட்டு அழுததுண்டு. இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெரிய பெண் ஆகிவிட்டாள், இருந்தும், "அக்காவ குளிப்பாட்டியாச்சா, எனக்குத் தண்ணி மிச்சம் இருக்கா?" என்று கேட்காமல் இருக்கமாட்டாள்.

இந்த மூத்தவளுக்குத்தான் பிரேக் கெட்டது.

முதலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மிதித்தால் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது, அவ்வளவுதான். தம்பி உடனே மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். மெக்கானிக் வேறு யாருமில்லை, அவன் மனைவியின் தம்பி. மரம் அறுக்கிற மில்லை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருக்கிறான். தரை முழுக்க எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடக்கும். ஆள் நல்லவன், வேலைக்காரன், வாய்தான் நிற்காது. அவன் இடது பின்சக்கரத்தைக் கழற்றி, அதற்குள் இருக்கிற பிரேக் டிரம்மை இழுத்துப் பார்த்தான். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தவேண்டிய லைனிங் முழுக்க எண்ணெய். பின் அச்சுக்குள் இருக்கிற எண்ணெய் வெளியே வராமல் தடுக்க அச்சின் நுனியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, ஆயில் சீல் என்பார்கள். அது போய்விட்டது என்றான். புது சீல், புது பேரிங், புது லைனிங் போட்டு அனுப்பினான். வண்டி கொஞ்ச காலம் ஒழுங்காக ஓடியது.

அப்புறம் ஒருநாள் காலையில் சரிவில் இறங்கும்போது வண்டி நிற்கவில்லை. தையல்கடைப் படியில் ஏறி, படியை உடைத்து, கதவை முத்தமிட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. உள்ளே அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஆள் மட்டும் பாதிக் கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினாராம்.

"நான் மிதிச்சேன்க்கா" என்றான் தம்பி என்னிடம். முகம் வெளுத்திருந்தது. "முழுசா மிதிச்சேன். நிக்கல. இடது பக்கமா இழுத்துச்சு."

மெக்கானிக் வந்தான். மறுபடி இடது சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே உலர்ந்து, சுத்தமாக இருந்தது. விரலால் தடவி எல்லாருக்கும் காட்டினான்.

"பாருங்க மாமா, ஒரு சொட்டு இல்ல. நான் போட்ட சீல் அப்படியே உக்காந்திருக்கு. வண்டியில குறையில்ல."

"அப்ப எதுல குறை மாப்ளே?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த துணியிலேயே மறுபடி துடைத்தான். "போன மழையில உங்களுக்குக் கால் மரத்துப்போச்சே..." என்றான்.

அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. போன மழைக்காலத்தில் அவனுக்கு வலது பாதம் மரத்துப்போனது உண்மை. சூடான ஒத்தடம் கொடுத்து, மாத்திரை போட்டு, பிறகு சரியாகிவிட்டது. ஆனால் வீட்டில் எல்லார் கண்ணும் அந்தக் காலுக்குப் போய்விட்டது. அன்று மாலையே எனக்கும் அவன் மனைவிக்கும் முட்டிக்கொண்டது.

"என் தம்பி வாயாடிதான் அண்ணி. ஆனா வேலையில பொய் சொல்லமாட்டான். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

"என் தம்பியும் பொய் சொல்லமாட்டான்" என்றேன் நான். "மிதிச்சேன்னு சொன்னா மிதிச்சிருப்பான்."

"அவர் பொய் சொல்றாருன்னு நான் சொல்லலையே. மிதிச்சதா அவருக்குத் தோணியிருக்கும். கால் மரத்திருந்தா எப்படித் தெரியும்?"

"அவன் கால் தரையில ஊன்றதுக்கு முன்னாடியிருந்து அது எனக்குத் தெரியும். நடக்கக் கத்துக்கொடுத்தவ நான்."

"அதுக்காக? நீங்க நடக்கக் கத்துக்கொடுத்தீங்க, பிரேக் பிடிக்கவா கத்துக்கொடுத்தீங்க?"

நல்ல பெண்தான் அவள். வாயில் தன் தம்பிக்கு இளைத்தவள் இல்லை. நான் என் தம்பியை விடவில்லை, அவள் அவள் தம்பியை விடவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தவன் தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பாத்திரத்தின் மூடிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

அதற்குப்பிறகு அவனைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. நடக்கும்போது குனிந்து தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு நடந்தான். கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் வலது காலை வைத்து அழுத்துவான். அழுத்திவிட்டு எடுப்பான், பிறகு அழுத்துவான். சுவரில் பாதம் பட்ட இடம் அழுக்காகிவிட்டது. ஒருநாள் பார்த்தேன், வலது செருப்பின் அடியில் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தான். பெடலில் இருந்து வழுக்கக்கூடாதாம். பொருளையெல்லாம் கட்டி முடித்துவிட்டுக் கடைசியில் காலுக்கே வந்துவிட்டான்.

"ஏன்டா, உனக்கே உன் கால்மேல நம்பிக்கை போச்சா?" என்று கேட்டேன்.

"வண்டியில குறை இருந்தா கழட்டி மாட்டிடலாம்க்கா. கால்ல குறை இருந்தா நான் வீட்டுல உக்கார வேண்டியதுதான். அதான் எங்க இருக்குன்னு தேடுறேன்."

உட்கார்வது அவனுக்கு வராது. சின்ன வயதிலேயே வராது. நாற்காலியில் அவனை உட்காரவைத்தால் நாற்காலியின் ஆடுகிற காலைக் கட்ட எழுந்துவிடுவான். வண்டி ஓட்டாமல் அவன் என்ன ஆவான் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் ஐஸ் காத்திருக்காது. சந்தைக்காரர்கள் இரண்டொரு நாள் பொறுப்பார்கள், பிறகு வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள். மகள் மருந்துக்கடையில் விடுப்புச் சொன்னாள். அவளுக்கு ஓட்டத் தெரியும், உரிமமும் இருக்கிறது. தம்பி அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதே மூத்தவளில்தான். "நான் ஓட்டுறேன். அப்பா பக்கத்துல உக்காரட்டும்" என்றாள்.

அன்று மாலை தம்பி என்னைத் தேடி வந்தான். வாசற்படியில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்:

"அக்கா, அந்தக் குறை என் கால்லயே இருக்கட்டும்க்கா."

"என்னடா உளர்ற?"

"வண்டியில இருந்தா அது எம் பொண்ணை உருட்டிடும். அதைவிட என் கால் கெட்டுப்போனதா இருந்துட்டுப் போகட்டும். நான் உக்காந்துக்கிறேன்."

நேற்றுவரை எது வரக்கூடாது என்று சுவரை அழுத்திக்கொண்டிருந்தானோ, அதையே இன்றைக்கு வேண்டிக்கொண்டு வந்து நின்றான்.

மகள் ஓட்டினாள். அரைப் பாரம்தான் ஏற்றினாள், சரிவில் ஊர்ந்துதான் இறங்கினாள். வண்டி ஒழுங்காக நின்றது. அடுத்த நாளும் நின்றது. "பாத்தீங்களா அண்ணி?" என்றாள் அவன் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல். தம்பி சிரித்தான். வண்டி நல்லபடி நின்றதில் அவனுக்கு நிஜமாகவே நிம்மதி. ஆனால் வண்டியைவிட்டு இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான், கிழவனைப் போல.

அப்புறம் நல்ல வெயில் வந்தது. வெயில் வந்தால் சந்தைக்கு ஐஸ் போதாது. கூடுதல் நடை அடித்தார்கள், முழுப் பாரம் ஏற்றினார்கள். சூட்டோடு சூடாகத் திரும்பவும் மேட்டில் ஏறி, திரும்பவும் இறங்கினார்கள். அந்த நடையில் நடந்ததை மகள் என்னிடம் சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

சரிவில் பாதி இறங்கியிருந்தார்கள். முன்னால் ஒரு கைவண்டி குறுக்கே வந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். மிதித்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, இடது பக்கம் இழுக்குது."

அவன் சொன்ன அதே வார்த்தை. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை, அது அப்படித்தான் இழுத்தது. அவன் இடத்தில் வேறொருவன் இருந்திருந்தால் "பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்!" என்று கத்தியிருப்பான். என் தம்பி கத்தவில்லை.

"கால எடுக்காத" என்றானாம். மெதுவாக, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல. "கிளட்ச்ச மிதிச்சு ரெண்டாவதுல போடு. விட்டுடு. ஹாரன் அடிச்சுக்கிட்டே இரு. நேரா பாரு, என்னைப் பாக்காத."

கைபிரேக்கையும் அவனே எட்டி இழுத்தான். அதுவும் அதே பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது; பாதிதான் பிடித்தது. கைவண்டிக்காரர் வண்டியைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு ஒதுங்கினார். இன்ஜின் உறுமிக்கொண்டே இறங்கி, சரிவு முடிந்து தரை சமமாகிற இடத்தில் வண்டி நின்றது. தம்பி இறங்கி ஓடிப்போய்ச் சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்தான். வைத்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மகளும் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, உங்க கால் இல்லப்பா" என்றாள்.

"அது கெடக்குது. உனக்கு ஒண்ணும் இல்லையே?"

செய்தி வந்ததும் மெக்கானிக் ஸ்கூட்டரில் கிளம்பினான். நானும் பின்னால் ஏறினேன்.

"நீங்க எதுக்குக்கா இந்த வெயில்ல?"

"நான் வராம? ஓட்டு."

ஜாக்கியை என் மடியில் வைத்தான். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் போனதைத் தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

வண்டி நின்ற இடத்தில் ஐஸ் உருகிப் பலகை இடுக்கு வழியாக மழைபோல் ஒழுகிக்கொண்டிருந்தது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து, "இன்னைக்கு என் படிமேல ஏறாம இங்கயே நிறுத்திட்டீங்களே, எனக்கு மனசு கேக்கல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்; சொல்லிவிட்டுத் தம்பிக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

மெக்கானிக் நேராக இடது சக்கரத்தடியில் போய் உட்கார்ந்து நட்டில் ஸ்பேனரை வைத்தான்.

"மாமா" என்றாள் மகள். "அன்னைக்கு வலது பக்கம் கழட்டிப் பாத்தீங்களா?"

"அந்தப் பக்கம் நான் வேலையே செய்யலையேம்மா. நான் போட்ட சீல் நிக்குதான்னு..."

பாதியில் நிறுத்திவிட்டான். வாய் நிற்காதவன் நிறுத்தினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தான் செய்த வேலை கெட்டுவிட்டதா என்றுதான் அன்றைக்குப் பார்த்திருக்கிறான். வண்டி கெட்டுவிட்டதா என்று பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வலது பக்கம் வந்தான்.

டிரம் வெளியே வந்ததும் எனக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. அச்சு எண்ணெய்க்கு ஒரு நாற்றம் உண்டு, அழுகிய முட்டை மாதிரி. லைனிங் அந்த எண்ணெயில் ஊறிப் பளபளத்தது. இடது சக்கரம் பிடிக்கிறது, வலது சக்கரம் வழுக்குகிறது. வண்டி இடது பக்கம் இழுக்காமல் வேறெங்கே இழுக்கும்?

தம்பியின் மனைவி அங்கே இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று நினைத்தேன்.

மெக்கானிக் எண்ணெயைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு இருந்தான். "முதல்ல அந்த சீல் போச்சு. புதுசு போட்டேன். இப்ப இந்த சீல். ரெண்டும் போகுதுன்னா உள்ளேயிருந்து ஏதோ தள்ளுது" என்று தனக்குத்தானே சொன்னான். பிறகு மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனான். ஐஸ் தண்ணீர் அவன் மார்பில் சொட்டியது. இந்த வண்டிக்குக் கீழே மரத்தூளும் சேறும் சேர்ந்து அப்பம்போல அப்பியிருக்கும். திருப்புளியால் அதைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. சத்தம் நின்றது.

"மாமா."

"என்ன மாப்ளே?"

"அச்சுக்கு மேல ஒரு டியூப் துண்டு கட்டியிருக்கு."

தம்பி வண்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"மேல மெல்லிசுக் கம்பி. முனைய உள்ள மடக்கி விட்டிருக்கு."

நான் என் கைத்தடியைப் பார்த்தேன். மகளும் என் கைத்தடியைத்தான் பார்த்தாள்.

"நான்தான் கட்டினேன்" என்றான் தம்பி. "பிரேக் கெடறதுக்கு முன்னாடி எண்ணெய் மாத்தினப்ப, அச்சு எண்ணெய் பால் மாதிரி ஆயிடுச்சு, தண்ணி உள்ள போயிருக்கு, இன்னொரு தடவை போனா அச்சே போயிடும்னு நீதானே சொன்ன? அதுக்கப்புறம் கீழ படுத்து, எந்த வழியா போகும்னு பாத்தேன். மேல ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சு. ஐஸ் தண்ணி நேரா அதுமேலதான் விழுது. அதான்..."

"ஐயோ மாமா! அது அச்சு மூச்சு விடற ஓட்டை. ஓடினா உள்ள சூடாகும், காத்து விரியும், அந்த வழியாத்தான் வெளிய போகணும். அதை அடைச்சா எண்ணெயை சீல் வழியாத் தள்ளாம என்ன செய்யும்? எத்தனை சீல் மாத்தினாலும் நிக்காது."

கம்பியை வெட்டினான். வண்டி ஓடி வந்து நின்று அதிக நேரம் ஆகவில்லை, அச்சு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. டியூபை இழுத்ததும் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. நீளமாக, விட்டுவிட்டு வந்தது. ரோட்டில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

தம்பி அந்தச் சத்தம் அடங்கும்வரை நின்றான். பிறகு மகளைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சொல்லமாட்டேன். "நான் கட்டினதுல நீ ஓட்டிட்டு வந்திருக்க" என்றான்.

மெக்கானிக் வெளியே வந்து டியூபை நீட்டி, "இப்படியா மாமா..." என்று ஆரம்பித்தான். நான் கைத்தடியைத் தரையில் தட்டினேன்.

"நிறுத்துப்பா. தண்ணி உள்ள போனா போச்சுன்னு பயமுறுத்தினவன் நீ. அதுக்கு ஒரு மூச்சு ஓட்டை இருக்கு, அதைத் தொடாதீங்கன்னு நீ சொன்னியா? இல்ல, வலது சக்கரத்தைக் கழட்டித்தான் பாத்தியா? அக்கறையில கட்டினான். கட்டினது தப்பே இல்ல."

"தப்புதான்க்கா" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. தப்பு இல்லைன்னா இல்ல."

இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். யார் கேட்டாலும்.

சந்தையிலிருந்து கைவண்டிகள் வந்து மிச்ச ஐஸைக் கொண்டுபோயின. மூத்தவளை முதல் கியரிலேயே நகர்த்திப் பட்டறைக்குக் கொண்டுசேர்த்தார்கள். மெக்கானிக் வேறு வேலை எல்லாவற்றையும் ஓரங்கட்டினான். வலது பக்கத்து அச்சுத் தண்டை வெளியே இழுத்தான். பேரிங் தேய்ந்து கரகரத்தது. தட்டிக் கழற்றிப் புதியது ஏற்றினான். இரண்டு பக்கமும் சீல், இரண்டு பக்கமும் லைனிங். எண்ணெய் குடித்த லைனிங்கை எவ்வளவு கழுவினாலும் உதவாது என்று தூக்கி எறிந்தான். டிரம்மைப் பெட்ரோலில் கழுவித் துணியால் துடைத்து, துணியில் கறை வராதவரை துடைத்தான். லைனிங்கைத் தள்ளுகிற குட்டி சிலிண்டரின் ரப்பரும் எண்ணெயில் ஊதிப்போயிருந்தது, அதையும் மாற்றினான். இந்த முறை, தான் செய்த பக்கம், செய்யாத பக்கம் என்று பிரிக்கவில்லை.

தம்பி எட்ட ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். கையை மடியில் வைத்திருந்தான். ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. பட்டறைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. அதைக் கட்ட எழுந்திருக்கவில்லை. அவன் மனைவி சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். நடந்ததெல்லாம் அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது. தம்பியின் பக்கத்தில் பெட்டியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, "சாப்பிடுங்க" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "உங்க தம்பி பொய் சொல்லல அண்ணி" என்றாள்.

"உன் தம்பியும்தான். பாதி சொன்னான், அவ்வளவுதான்" என்றேன். எங்கள் சண்டை அப்படி முடிந்தது.

கடைசி வேலை, பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுப்பது. குழாயைத் திறந்து ரப்பர் மாற்றினால் காற்று உள்ளே போய்விடும். காற்று இருந்தால் மிதி பஞ்சாக இருக்கும். அதை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்து, மிதித்து, அழுத்திப் பிடித்திருக்கவேண்டும். கீழே இருப்பவர் அந்த நேரத்தில் சிறு திருகைத் திறந்து காற்றைப் போகவிட்டு மூடவேண்டும். மூடுவதற்குமுன் மேலே கால் தளர்ந்தால் காற்று மறுபடி உள்ளே ஏறிவிடும். பழையபடி ஆரம்பிக்கவேண்டியதுதான்.

"மாமா, ஏறி மிதிங்க" என்றான் மெக்கானிக்.

"உன் மருமகளை மிதிக்கச் சொல்லு."

"அவ மிதிப்பா. எனக்கு உங்க கால் வேணும்."

"என் காலைத்தான் நீ பாத்துட்டியே" என்றான் தம்பி. கோபமில்லை, சும்மா சொன்னான். மெக்கானிக்கின் காது சிவந்துவிட்டது. வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். மகள் வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏறுங்கப்பா, மூத்தவ கூப்பிடறா."

ஏறினான். ஏறுவதற்குமுன் குனிந்து, வலது செருப்பைக் கழற்றிக் கீழே விட்டான். டியூப் சுற்றிய செருப்பு. வெறுங்காலைப் பெடலில் வைத்தான்.

"மிதிங்க."

மிதித்தான்.

"மிதிங்க... இன்னொன்னு... பிடிங்க. பிடிச்சுக்கிட்டே இருங்க."

கீழே திருகு திறந்தது. குமிழி குமிழியாகச் சீறிக்கொண்டு வந்தது.

"விடாதீங்க. விடாதீங்க மாமா... மூடிட்டேன். விடுங்க."

மறுபடி மிதி, மறுபடி பிடி. நான் கதவோரம் நின்று அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலிலிருந்து பாதம்வரை ஒரே கோடாக நின்றது. மெக்கானிக் வேண்டுமென்றே நேரத்தை நீட்டினான் என்று எனக்குத் தோன்றியது. திருகைத் திறந்துவிட்டு, காற்றெல்லாம் போய் எண்ணெய் மட்டும் வரத் தொடங்கிய பிறகும் உடனே மூடவில்லை. பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறங்கியது. கால் அதோடுகூட இறங்கி, அடியில் போய் ஊன்றி நின்றது. நடுங்கவில்லை, தளரவில்லை.

திருகு மூடிய சத்தம் கேட்டது. ஆனால் 'விடுங்க' என்று வரவில்லை. தம்பியும் விடவில்லை.

"மாமா" என்றது வண்டிக்கு அடியிலிருந்து வந்த குரல். "தப்பு பண்ணிட்டேன் மாமா. ஒரு பக்கம் பாத்துட்டு உங்க கால் மேல போட்டுட்டேன். இந்தக் காலுக்கு ஒண்ணுமில்ல."

முகத்தைக் காட்டாமல் இதைச் சொல்ல வண்டிக்கு அடியைவிட நல்ல இடம் கிடைக்காது. அவனைக் குறை சொல்லமாட்டேன்.

"கால் தப்பிச்சுது மாப்ளே" என்றான் தம்பி. "கை மாட்டிக்கிச்சு."

"சரி, காலை எடுங்க, வலிக்கப்போகுது."

"வலிக்கல" என்றான். அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தான்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. மூச்சு விடும் ஓட்டையைத் திறந்துவைத்தால் ஐஸ் தண்ணீர் மறுபடி உள்ளே போகுமே? மெக்கானிக் அதற்கு ஒரு நீளமான ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைத் தண்ணீர் சொட்டாத உயரத்துக்கு, பலகைக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வளைத்தான். வழி நெடுக அதைச் சட்டத்தோடு பிடித்துக்கட்டவேண்டும்.

"மாமா, இதுல ஒரு கட்டுப் போடுங்க."

தம்பி மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீயே போட்டுக்க."

"நான் போட்டா அவுந்துடும். வாங்க."

வந்தான். கம்பியை வாங்கிக் கட்டினான். ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால், "இறுக்கமா இருக்கா? நசுங்குதா?" என்று கேட்டுக் கேட்டுக் கட்டினான். குழாயை அமுக்காமல் பிடிக்கிற கட்டு. முனையை உள்ளே மடக்கினான். பிறகு குழாயின் மறுமுனையில் வாயை வைத்து மெதுவாக ஊதிப் பார்த்தான், காற்று போகிறதா என்று.

மறுநாள் காலையில் சரிவில் வண்டியை ஓட்டிப் பார்க்கவேண்டும். முழுப் பாரம் ஏற்றியாயிற்று. மெக்கானிக் பக்கத்தில் உட்காருவதாக இருந்தது. நான் அதற்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன்.

"அக்கா, இறங்குங்க. மொதல்ல நாங்க பாத்துடறோம்."

"நீ பாத்தது போதும்."

"அத்தை, சொன்னா கேளுங்க" என்றாள் மகள்.

"நான் என்னைக்குடி கேட்டிருக்கேன்? பின்னால ஸ்கூட்டர்ல வாங்க."

தம்பி என்னைப் பார்த்தான். இறங்கச் சொல்லவில்லை. என் கைத்தடியை வாங்கி, அது உருளாமல் இருக்கக் கதவோரம் செருகினான். அவன் மனைவி வாங்கிக்கொடுத்த புதுச் செருப்பைப் போட்டிருந்தான். வண்டியை எடுத்தான்.

சரிவில் இறங்கினோம். ஐஸ் பின்னால் கனத்தது, எனக்கு அது முதுகில் தெரிந்தது. பழக்கடை போயிற்று, பாத்திரக்கடை போயிற்று. தையல்கடை வாசலில் புதுப் படி கட்டியிருந்தது, சிமெண்ட் இன்னும் வெளுக்கவில்லை. தையல்காரர் எங்களைப் பார்த்ததும் படிமேல் ஏறி நின்று, கத்தரிக்கோலோடு இரண்டு கையையும் தூக்கினார். வரவேற்கிறாரா பயப்படுகிறாரா தெரியவில்லை. அந்த இடத்தில்தான் தம்பி மிதித்தான்.

வண்டி நின்றது. இடது பக்கமும் இழுக்கவில்லை, வலது பக்கமும் இழுக்கவில்லை. போட்டது போட்டபடி, படிக்கு எட்டத்தில், சரிவின் நடுவில், முழுப் பாரத்தோடு நின்றது. பின்னால் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் வேறு யாரோ அடித்தார்கள்.

தம்பி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கால் பெடலில் அப்படியே இருந்தது.

"போதும்டா, எல்லாரும் காத்திருக்காங்க. காலை எடு" என்றேன்.

"கொஞ்சம் இருக்கட்டும்க்கா" என்றான்.

இருக்கட்டும் என்று நானும் உட்கார்ந்திருந்தேன்.